ஆழமான சேத்துல செயின் வண்டி எப்படிப் போகுது, எங்க மாட்டுது?

தண்ணி, தரை ரெண்டுலயும் ஓடுற செயின் வண்டிங்களைப் பத்திப் பேச்சு வந்தாலே ரெண்டு வசனம் தவறாம வந்துரும். செயின் போட்ட வண்டி சேத்துல மாட்டவே மாட்டாதுன்னு ஒண்ணு, அப்படியே மாட்டிக்கிச்சுன்னா இன்ஜின்ல பவர் பத்தலைன்னு இன்னொண்ணு. இந்த ரெண்டையும் நம்பி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறவங்கதான் இடுப்பளவு சேத்துல வண்டியை உக்கார வச்சுட்டு, இழுக்குறதுக்கு இன்னொரு வண்டியைத் தேடிக்கிட்டு நிக்கிறாங்க. இன்ஜின் நல்லாத்தான் இருக்கும், செயினும் நல்லாத்தான் சுத்தும், வண்டி மட்டும் ஒரு இன்ச் நகராது. ஏன் அப்படி ஆகுதுன்னு அடியிலேருந்து பார்ப்போம், பெரிய கணக்கெல்லாம் வேணாம், ஒரே ஒரு வகுத்தல் போதும்.

முதல்ல எந்த வண்டியைப் பத்திப் பேசுறோம்னு சொல்லிடுறேன். பொக்லைன்ல சக்கரத்தைச் சுத்தி அகலமா ஒரு பட்டை ஓடும் பாருங்க, அதான் ட்ராக், பேச்சுல செயின்னு சொல்றோம், இரும்புலயும் இருக்கும், ரப்பர்லயும் இருக்கும். அந்த ட்ராக்குக்கு மேல தண்ணி புகாத தொட்டி மாதிரி ஒரு பாடியை வச்சா அது மிதக்கவும் செய்யும், சேத்துல ஓடவும் செய்யும். 1930-கள்ல அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல டொனால்ட் ரோப்ளிங்னு ஒருத்தர், புயலுக்கு அப்புறம் சதுப்புல மாட்டிக்கிற ஜனங்களை மீட்கணும்னு அலுமினியத்துல 'அலிகேட்டர்'னு ஒரு வண்டி செஞ்சார், அதைத்தான் அப்புறம் அமெரிக்க மரைன் படை எடுத்து தங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டாங்க. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஸ்டூடிபேக்கர் கம்பெனி செஞ்ச எம்-29 வீசல், அதோட மிதக்குற வகை எம்-29சி, அப்புறம் ஸ்வீடன்ல ஹேக்லண்ட்ஸ் கம்பெனி செஞ்ச பிவி-206, இதெல்லாம் இந்தக் குடும்பம்தான்.

தாங்குறது ஒண்ணு, தள்ளுறது இன்னொண்ணு

எல்லாக் குழப்பமும் இங்கதான் ஆரம்பிக்குது. சேறு ஒரு வண்டிக்கு ரெண்டு வேலை செஞ்சு குடுக்கணும். ஒண்ணு, வண்டியோட எடையை அமுங்காம தாங்கணும். ரெண்டு, ட்ராக் பின்னாடி உதைக்கும்போது அந்த உதையை வாங்கிக்கிட்டு நிக்கணும், அது நின்னாத்தான் வண்டி முன்னாடி போகும். அகலமான ட்ராக் முதல் வேலையைப் பிரமாதமா சுலபமாக்கிடும், அதைப் பாத்துட்டு ரெண்டாவதும் தானா நடந்துரும்னு நினைச்சுக்கிறோம். நடக்காது. நல்லா மேலயே நிக்கிற வண்டி ஒரு அடி நகர முடியாம சுத்திக்கிட்டே இருக்குறதும் உண்டு, நல்லா உதைக்கிற வண்டி உதைச்சு உதைச்சே உள்ள போறதும் உண்டு.

இனி வர்ற எல்லாமே இந்த ரெண்டுல ஏதோ ஒண்ணைப் பத்தினதுதான்.

எடை முக்கியமில்ல, எடை எவ்வளவு இடத்துல பரவுதுங்கறதுதான் முக்கியம்

சேத்துல வெறுங்காலோட நின்னா கால் உள்ள போகும், அதே சேத்துல ஒரு பலகையைப் போட்டு அது மேல நின்னா போகாது. உங்க எடை கூடவும் இல்ல, குறையவும் இல்ல, பரவுற இடம்தான் மாறிச்சு. ட்ராக்குங்கறது வண்டி தானே விரிச்சு, அது மேல ஏறிப் போய், பின்னாடி தானே சுருட்டி எடுத்துக்குற பலகை.

ஒரு சதுர சென்டிமீட்டர் மண்ணு மேல எவ்வளவு எடை உக்காருதோ அதுக்குப் பேர் தரை அழுத்தம். வண்டி எடையை ட்ராக் தரையைத் தொடுற பரப்பால வகுத்தா வந்துரும். 4,500 கிலோ வண்டி, முன்னாடி பின்னாடியா ரெண்டு பெட்டி, பெட்டிக்கு ரெண்டா நாலு ட்ராக், ஒவ்வொண்ணும் 60 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் நீளத்துக்குத் தரையைத் தொடுதுன்னு வச்சுக்கோங்க. மொத்தம் 48,000 சதுர சென்டிமீட்டர், அழுத்தம் ஏறக்குறைய 0.1 கிலோ. எம்-29 வீசலுக்கு 0.13 கிலோ அளவுல வரும். இப்ப 70 கிலோ ஆளை எடுத்துக்கோங்க, ஒரு பாதம் 200 சதுர சென்டிமீட்டர்னா நடக்கும்போது ஒத்தக் கால்ல 0.35 கிலோ. சாதாரண கார் டயர்ல 2 கிலோவுக்குப் பக்கம். அதாவது நாலரை டன் வண்டி மனுஷனோட காலைவிட மெதுவாத்தான் சேத்தை அமுக்குது. இதைச் சும்மா ஆச்சரியத்துக்குச் சொல்லல, இதுல ஒரு ஆபத்து இருக்கு, கடைசியில வரேன்.

ஆனா இந்த நம்பர் ஒரு சராசரிதான். ட்ராக்குக்குள்ள வரிசையா சின்னச் சின்ன சக்கரம் இருக்குமே, எடை அந்தச் சக்கரத்துக்கு நேர் கீழ குவியும், நடுவுல இருக்குற பட்டை கொஞ்சம் சும்மாதான் இருக்கும். பட்டை தொய்வா இருந்தா இந்தக் குவியல் இன்னும் மோசம். சாமானை எல்லாம் பின்னாடியே ஏத்தினா பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கி, வண்டி ஒரு சரிவுல ஏறுற மாதிரி சேத்துல முக்கிக்கிட்டே போகும். பேப்பர்ல நல்ல நம்பர் இருக்குற வண்டி நெஜத்துல புதையுறதுக்குப் பாதி காரணம் சாமான் ஏத்தின விதம்தான்னு நான் நினைக்கிறேன், இதை யாரும் பெருசா கண்டுக்குறதே இல்ல.

சுருக்கமா, ட்ராக் அகலமும் நீளமும் கூடினா அழுத்தம் குறையும், வண்டி மேல நிக்கும், ஆனா எடை சமமா பரவியிருந்தாத்தான்.

உதைக்கும்போது சேத்துக்குள்ள என்ன நடக்குது

ட்ராக்குக்கு வெளிப்பக்கம் குறுக்குக் குறுக்கா பல்லு மாதிரி கட்டை இருக்கும். அது சேத்துக்குள்ள இறங்கி, ரெண்டு கட்டைக்கு நடுவுல இருக்குற மண்ணைப் புடிச்சுக்கிட்டுப் பின்னாடி தள்ளும். அந்த மண்ணு கீழ இருக்குற மண்ணோட ஒட்டிக்கிட்டு நகராம நின்னா வண்டி முன்னாடி போகும். ஒரு அடுக்கு மண்ணு இன்னொரு அடுக்கு மேல வழுக்கிட்டுப் போகாம புடிச்சுக்கிட்டு இருக்குற பலத்தை மண்ணோட பிடிப்புன்னு வச்சுக்குவோம். இன்ஜின் 100 குதிரை சக்தியா இருந்தாலும் 500-ஆ இருந்தாலும், அந்தப் பிடிப்பு தாங்குற அளவுக்கு மேல ஒரு கிலோகூடத் தள்ள முடியாது, மேல குடுக்குற பவர் எல்லாம் மண்ணை வெட்டிப் பின்னாடி எறியத்தான் போகும்.

மணலுக்கும் களிமண்ணுக்கும் இங்க பெரிய வித்தியாசம் இருக்கு. மணல்ல பிடிப்பு எடையாலதான் வருது, அமுக்க அமுக்க மணல் ஒண்ணோட ஒண்ணு உரசி இறுகும். ஊறிப்போன களிமண்ணுல அப்படி இல்ல, அது தன்னோட பசையாலதான் நிக்குது, எவ்வளவு அமுக்கினாலும் அந்தப் பசை கூடாது, ட்ராக் எவ்வளவு பரப்பைத் தொடுதுங்கறதைப் பொறுத்துதான் உதைப்பு கிடைக்கும். அதனால மேல நாலு பேர் ஏறி நின்னா கிரிப் கிடைக்கும்ங்கற யோசனை மணல்ல கொஞ்சம் உதவலாம், களிச் சேத்துல அது புதையுறதுக்கு மட்டும்தான் உதவும். மண்ணுக்கும் வண்டிக்கும் நடுவுல நடக்குற இந்த விஷயத்தைத் தனி விஞ்ஞானமாவே வளத்தவர் போலந்துல பிறந்த பெக்கர்ங்கற இன்ஜினியர், பின்னாடி நிலாவுல ஓடின அப்போலோ வண்டியோட வடிவமைப்புலயும் அவருக்குப் பங்கு இருக்கு.

அடுத்தது ஸ்லிப். ட்ராக் 10 மீட்டர் சுத்தி வண்டி 8 மீட்டர்தான் போச்சுன்னா 20 சதவீதம் ஸ்லிப். கொஞ்சம் ஸ்லிப் இருக்கத்தான் செய்யும், மண்ணு லேசா நசுங்கினாத்தான் அதோட முழுப் பிடிப்பும் வெளிய வரும். அந்த அளவைத் தாண்டிட்டா ட்ராக் மண்வெட்டி ஆகிடும், கட்டைங்க தனக்குக் கீழயே பள்ளம் தோண்டி வண்டியை உள்ள இறக்கும். இன்னொரு கெட்ட விஷயம், களிமண்ணு குழைய குழையப் பலம் இழக்கும், அதனால ஒரே இடத்துல பத்து செகண்டு ட்ராக்கைச் சுத்த விட்டா நீங்க இருந்த மண்ணைவிட மோசமான மண்ணை நீங்களே தயார் பண்ணிக்கிட்டீங்கன்னு அர்த்தம்.

இதைக் கண்ணாலயே பாக்கலாம், மீட்டர் எதுவும் வேணாம். ஜன்னல்ல தலையை விட்டு ட்ராக் விட்டுட்டுப் போற தடத்தைப் பாருங்க. குறுக்குக் கட்டையோட அச்சு வரி வரியா, ஓரம் மழுங்காம, முத்திரை குத்தின மாதிரி இருந்தா ஸ்லிப் கம்மி, எல்லாம் நல்லா போகுது. வரிங்க ஒண்ணோட ஒண்ணு இழுபட்டு மங்க ஆரம்பிச்சா காலைக் கொஞ்சம் எடுங்க. அச்சே இல்லாம வழவழன்னு கொழகொழன்னு வாய்க்கால் மாதிரி தடம் வந்துச்சுன்னா வண்டி கீழ போயிட்டு இருக்கு, உள்ள உக்காந்திருக்கிறவருக்கு அது இன்னும் தெரியல, அவ்வளவுதான். அச்சு மங்குறதுக்கும் வண்டி நிக்கிறதுக்கும் நடுவுல கிடைக்குற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் ஓட்டுறவர் ஏதாவது செய்ய முடியும்.

வயிறு தட்டுறது

ட்ராக் ரெண்டும் ஆழமா இறங்கிட்டா வண்டியோட அடித்தட்டு சேத்துல வந்து உக்காரும். அந்த நிமிஷத்துலேருந்து கதையே மாறிடும். எடையில ஒரு பகுதியை வயிறு வாங்கிக்கும், மணல் தரையா இருந்தா ட்ராக்குக்குக் கிடைச்சிட்டிருந்த பிடிப்பு குறைஞ்சிரும், அதோட வயிறு முன்னாடி இருக்குற சேத்தைக் கப்பலோட மூக்கு மாதிரி தள்ளிக்கிட்டே போகணும். போதாததுக்கு அடித்தட்டுக்கும் சேத்துக்கும் நடுவுல காத்து புக வழி இல்லாததால கெட்டியா ஒட்டிக்கும், நேரா மேல தூக்கினா வண்டி எடையைவிட அதிக பலம் வேண்டியிருக்கும். வயிறு தட்டுற சத்தம் கேட்டதுமே நிறுத்திட்டு வந்த வழியிலயே ரிவர்ஸ் எடுக்குறவங்க பெரும்பாலும் தப்பிச்சிடுவாங்க. இன்னும் பத்தடிதானேன்னு மிதிக்கிறவங்களுக்குத்தான் வின்ச், அதாவது ரோப்பைச் சுருட்டி வண்டியை இழுக்குற மிஷின், தேவைப்படும்.

திரும்பும்போதுதான் நிறைய பேர் மாட்டுறாங்க

சாதாரண செயின் வண்டியில முன் சக்கரத்தைத் திருப்புற வேலை கிடையாது. இடப்பக்கம் திரும்பணும்னா இடது ட்ராக்கை மெதுவாக்கணும் இல்ல நிறுத்தணும், வலது ட்ராக் சுத்திக்கிட்டே இருக்கும்போது வண்டி இழுபட்டு இடப்பக்கம் திரும்பும். காஞ்ச தரையில சரி. சேத்துல யோசிச்சுப் பாருங்க, உதைச்சிட்டு இருந்த ரெண்டு ட்ராக்ல ஒண்ணை நீங்களே நிறுத்துறீங்க, மிச்சம் இருக்குற ஒண்ணு மொத்த வண்டியையும் தள்ளணும், கூடவே ரெண்டு ட்ராக்கும் பக்கவாட்டுல சேத்தை வாரிக் குவிச்சுக்கிட்டே நகரணும். சேத்தோட எதிர்ப்பு கூடிடுச்சு, கிடைக்குற உதைப்பு பாதியா குறைஞ்சிடுச்சு. வேகமும் அடங்கி, சுத்துற ட்ராக் பள்ளம் தோண்டி, ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்கும். பக்கவாட்டுல குவியுற சேறு சில சமயம் பட்டையைச் சக்கரத்துலேருந்து கழட்டியே விட்டுரும், அதுவும் பட்டை தொய்வா இருந்தா. சேத்துக்குள்ள கழண்ட ட்ராக்கை மாட்டுறது எவ்வளவு பெரிய அவஸ்தைன்னு மாட்டினவங்களுக்குத்தான் தெரியும்.

அதுக்குத்தான் பிவி-206 மாதிரி வண்டிங்களை ரெண்டு பெட்டியா செஞ்சு நடுவுல ஒரு மூட்டு வச்சிருக்காங்க. ஸ்டீயரிங்கைத் திருப்பினா ஹைட்ராலிக் சிலிண்டர் அந்த மூட்டை வளைக்கும், நாலு ட்ராக்குல ஒண்ணுகூட நிக்காது, திரும்பும்போதும் நாலும் உதைச்சிட்டே இருக்கும். என்னைக் கேட்டா ஆழமான சேத்துக்கு மனுஷன் கண்டுபிடிச்சதுலயே ரொம்ப புத்திசாலித்தனமான விஷயம் இந்த மூட்டுதான், பெரிய இன்ஜின் எல்லாம் இதுக்கு அப்புறம்தான். மூட்டு இல்லாத வண்டியை ஓட்டுறவங்க ஒரே தடவையா வளைக்காம, கொஞ்சம் கொஞ்சமா தட்டித் தட்டி அகலமா வளைச்சு எடுக்கணும், முடிஞ்சா கெட்டியான இடத்துலயே திரும்பிக்கிட்டு சேத்துல நேரா இறங்கணும்.

தண்ணியும் இல்ல, தரையும் இல்ல

வண்டி மிதக்குமே, அப்ப சேறு ஆழமா இருந்தா மிதந்துட்டுப் போயிரும்ல? நியாயமான கேள்விதான். ஒரு கன மீட்டர் தண்ணியை ஒதுக்கினா 1,000 கிலோவைத் தாங்கும், அதனால நாலரை டன் வண்டி நாலரை கன மீட்டர் அளவுக்கு அமுங்கி மிதக்கும். கரைஞ்ச சேறு தண்ணியைவிடக் கனம், அதுல இன்னும் கொஞ்சம் மேலயேகூட மிதக்கும். முழுகாது, உண்மைதான். ஆனா நகருமா?

தண்ணியில ட்ராக்குங்க துடுப்பு மாதிரி தண்ணியைப் பின்னாடி தள்ளி வண்டியை நகர்த்தும், மனுஷன் நடக்குற வேகம்தான் வரும். அதுலயும் ட்ராக்கோட மேல்பகுதி எதிர்த்திசையில ஓடுறதால அது தண்ணியை முன்னாடி தள்ளும், அதைத் தடுக்க ஓரத்துல மூடி வச்சிருப்பாங்க. இப்ப தண்ணிக்குப் பதிலா கஞ்சிப் பதத்துல சேறு. உதைக்கத் தேவையான பிடிப்பு அதுல கிடையாது, துடுப்பு போட்டுப் போகலாம்னா ரொம்ப கெட்டி, சுத்தி இருக்குற சேறு வண்டியோட பக்கவாட்டைப் புடிச்சு இழுக்கும். கெட்டியான தரையும் இல்லாம, தெளிஞ்ச தண்ணியும் இல்லாம நடுவுல இருக்குற இந்தப் பதம்தான் எல்லாத்தையும்விட மோசம்.

கரை ஏறுறதும் இதே பிரச்சினைதான். மூக்கு கரையைத் தொட்டுருச்சு, பின்பக்கம் இன்னும் மிதக்குது, ட்ராக்கோட முன்பகுதி மட்டும்தான் தரையில, அதுலயும் முழு எடை உக்காரல. இந்த நேரத்துல மிதிச்சா கரையைத் தோண்டி ஒரு படிக்கட்டு மாதிரி வெட்டி விட்டுரும், அப்புறம் அந்தப் படியை ஏறவே முடியாது. கரைக்கு நேர்செங்குத்தா வரணும், கோணலா வந்தா ஒரு ட்ராக் மட்டும் முதல்ல புடிச்சு வண்டியைச் சுத்தி விட்டுரும். தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி அடியில தண்ணி வடியுற ஓட்டையை அடைக்குற டிரெயின் பிளக் எல்லாம் மாட்டியிருக்கா, உள்ள வர்ற தண்ணியை வெளிய இறைக்குற பம்ப் ஓடுதான்னு பாக்குறதைச் சொல்லவே வேண்டாம்.

முழுகாம இருக்குறதுக்கும் நகருறதுக்கும் சம்பந்தமே இல்ல, இந்தப் பகுதியில இது ஒண்ணு மனசுல நின்னா போதும்.

இறங்குறதுக்கு முன்னாடியும் உள்ள போன பிறகும்

முதல்ல ஒரு நீளமான கம்பை எடுத்துக் குத்திப் பாருங்க. கீழ கெட்டியான அடித்தரை இருக்கா, இருந்தா எவ்வளவு ஆழத்துல, அது ட்ராக் இறங்குற அளவுக்குள்ள இருக்கா, வயிறு தட்டுமா, இதான் கேள்வி. அடித்தரை இருந்தா ஏற்கனவே ஒரு வண்டி போன தடத்துலயே போறது நல்லது, மேல இருக்குற கூழ் ஒதுங்கி அடியில இறுகியிருக்கும். ஆனா வேர் பின்னிக்கிட்டு மேல ஒரு தோல் மாதிரி இருக்கும், கீழ அடியே தெரியாத கூழ், சைபீரியா, கனடா பக்கத்துல இந்த மாதிரி சதுப்பு நெறைய உண்டு, அங்க இதுக்கு நேர் எதிர். வண்டியைத் தாங்குறதே அந்த வேர்த்தோல்தான். முன்னாடி போன வண்டி அதைப் பாதி அறுத்திருக்கும், பின்னாடி வர்ற வண்டி அதே தடத்துல போனா மீதியையும் அறுத்துட்டு உள்ள போகும். அங்க ஒவ்வொரு வண்டியும் தனித்தனி தடம் போடணும், சடார்னு திரும்பவே கூடாது. ஒரே அறிவுரையை எல்லாச் சேத்துக்கும் சொல்றவங்களை நம்பாதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

கியரை உள்ள போறதுக்கு முன்னாடியே போட்டுருங்க, சின்ன கியர், நடுவுல மாத்த வேண்டியே இருக்கக் கூடாது. கியர் வண்டியில கிளட்சை மிதிக்குற அந்த ஒரு நொடியில சேறு வண்டியை நிறுத்திடும், நின்ன வண்டியைத் திரும்ப நகர்த்த ஓடுற வண்டியைவிட அதிக உதைப்பு வேணும். சீரான வேகம், சீரான கால். கொஞ்சம் வேகத்தோட நுழைஞ்சா சின்னப் பள்ளத்தை அந்த வேகமே தாண்டிக் குடுக்கும், ஆனா 50 மீட்டர் சேத்தை வேகத்தாலயே தாண்ட முடியாது, அதுக்கு மண்ணோட பிடிப்பு வேணும்.

மாட்டிட்டா

முதல் வேலை காலை எடுக்குறது. ரெண்டாவது, வந்த தடத்துலயே மெதுவா ரிவர்ஸ், ஏன்னா அந்த வழியில சேறு ஏற்கனவே ஒதுங்கியிருக்கு. நகரலைன்னா ட்ராக்குக்குக் குறுக்க ஒரு கனமான கட்டையைச் சங்கிலியால கட்டுவாங்க. ட்ராக் சுத்தும்போது கட்டை வண்டிக்கு அடியில போய் மாட்டிக்கும், உதைக்குறதுக்குப் பெரிய பரப்பு கிடைக்கும், வண்டி அந்தக் கட்டை மேல ஏறி முன்னாடி வரும். இது 1917-லயே பிரிட்டிஷ் மார்க் 4 டாங்குங்கள்ல இருந்த ஏற்பாடு, முதல் உலகப்போர் சேத்துல கத்துக்கிட்டது, சோவியத் டாங்குங்க பின்னாடி ஒரு மரக்கட்டை தொங்குறதும் இதுக்குத்தான். கட்டை பின்பக்கம் வெளிய வந்ததும் நிறுத்திக் கழட்டணும், இல்லைன்னா மேல சுத்தி வந்து பாடியை நொறுக்கிடும்.

வின்ச் போட்டா நடுவுல ஒரு கப்பியைச் சேர்த்துக்கோங்க, ரோப் ரெட்டையா வரும், இழுக்குற பலம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு, வேகம் பாதி. அவசரமே வேணாம், மெதுவா இழுத்தா அடித்தட்டுக்குக் கீழ தண்ணியும் காத்தும் புக நேரம் கிடைக்கும், ஒட்டினது தானா விடும். இரும்பு ரோப் இறுகி நிக்கும்போது அதுக்குப் பக்கத்துல, நேர் கோட்டுல யாரும் நிக்கக் கூடாது, அறுந்தா அரிவாள் வீசின மாதிரி வரும். இதுல விட்டுக் குடுக்காதீங்க, தயவுசெஞ்சு.

முன்ன சொன்ன ஆபத்து இதுதான். வண்டி மேலயே நிக்குதே, சேறு தாங்கும்போலன்னு நம்பி கதவைத் திறந்து குதிப்பாங்க. வண்டியோட அழுத்தம் 0.1 கிலோ, உங்க காலோடது அதுல மூணு மடங்குக்கும் மேல. வண்டியைத் தாங்கின அதே சேறு உங்களைத் தொடை வரைக்கும் உள்ள இழுக்கும், பூட்ஸ் உள்ளயே மாட்டிக்கும், தனியா இருந்தா உயிருக்கே ஆபத்து. இறங்கணும்னா முதல்ல பலகையோ, மடிக்குற ஏணியோ கீழ போடுங்க, வண்டியைப் புடிச்சுக்கிட்டே இறங்குங்க, இடுப்புல ஒரு கயிறு, அந்தக் கயிறோட இன்னொரு முனை வண்டிக்குள்ள இருக்குற ஆள் கையில.

வெளிய வந்த பிறகு சேறு காயுறதுக்குள்ள கழுவிடுங்க. ட்ராக்கை ஓட்டுற பல்சக்கரத்துக்குள்ள அடைச்சிருக்குற களி காஞ்சா கல்லு மாதிரி ஆகி அடுத்த தடவை பட்டையைக் கழட்டி விடும், ரேடியேட்டர் இடுக்குல இருக்குறது இன்ஜினைச் சூடாக்கும். தொட்டிக்குள்ள தேங்கியிருக்குற தண்ணியையும் பிளக்கைத் திறந்து வடிச்சுட்டு, வடிஞ்சதும் மறக்காம அங்கயே மூடிடுங்க.